மேத்ர் ஜம்புநாதனின் ‘ஓம்’ வழக்கு

தீர்ப்புப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. வழக்கறிஞர்களிடையேதான் அதிகம் காணப்படும் என்றாலும் மற்றவர்களுக்கும் தொற்றக்கூடியது. இவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். விடை வராது. தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்த மேல் தீர்ப்பு வரும், அதில் ஒத்துப்போகாத ஒரே ஒரு நீதிபதி தனியாக எழுதியது வரும், அவர் ஓய்வுபெற்ற பிறகு பேசியதும் வரும், கடைசியில் தோளைக் குலுக்கி, “அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது” என்பார்கள். நீங்கள் கேட்டதென்னவோ, வாடகைக் கடையின் கூரை ஒழுகினால் யார் சரிசெய்ய வேண்டும் என்பதுதான். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

மொன்றியலில் இந்த இனத்தின் உயர்ந்த ரகத்தைப் பார்க்க ஆசையா? சென்ட் லோரன்டுக்குப் போங்கள். இரண்டு கிடங்குகளுக்கு நடுவே, மாடியில், மேத்ர் ஜம்புநாதனின் அலுவலகம் இருக்கிறது. இந்த ஊரில் வழக்கறிஞரை ‘மேத்ர்’ என்றுதான் அழைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த மரியாதை. வீட்டிலும் அப்படியே அழைத்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. மனைவிக்குத்தான் இருக்கிறது.

வியாபாரச் சட்டம் அவர் துறை. காலையில் காபியோடு ஒட்டாவா உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிப்பார். அடுத்து கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம். அதுவும் தீர்ந்துவிட்டால் எல்லை தாண்டி, அமெரிக்க மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக. “அது நம்ம ஊருக்குப் பொருந்தாதே சார்?” என்று கேட்டால், “பொருந்தாததுலதான்யா ருசியே இருக்கு” என்பார்.

ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை. இத்தனை வருடத் தொழிலில் அவர் நடத்திய ஒரு வழக்குகூடச் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. காரணம் அவர் திறமைக் குறைவல்ல. கட்சிக்காரர்கள் பாதியிலேயே சமாதானமாகிவிடுகிறார்கள். மனிதர்களிடம் அவருக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் உஷா வந்தாள்.

உஷா சென்னைப் பெண். கணினி வேலையை உதறிவிட்டு இட்லி மாவு அரைத்து விற்கத் துணிந்தவள். கோயம்புத்தூரிலிருந்து கப்பலேறி வந்த பெரிய கிரைண்டர் அவளுடைய கார்ட்டியர்வில் ஃபிளாட்டின் ஹாலில் குந்தியிருக்கிறது. அங்கேயே அரைக்கலாமென்றால், முதல் நாளே கீழ்வீட்டுக்காரர் மேலேறி வந்து, ஹெலிகாப்டர் ஏதாவது இறங்கியதா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆகவே சென்ட் மிஷேலில் கேட்டரிங் நடத்தும் அல்போன்சம்மாவைப் போனில் பிடித்து, அவருடைய சமையல்கூடத்தைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று தன் திட்டத்தையெல்லாம் சொன்னாள். அல்போன்சம்மா யாழ்ப்பாணத்துக்காரர். உஷா மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் “ஓம்... ஓம்... ஓம்” என்றார். உஷா மறுநாளே ராஜினாமா செய்தாள்.

பிறகுதான் அல்போன்சம்மா கேட்டார்: “நான் எப்ப பிள்ளை சம்மதிச்சனான்? நீர் கதைச்சீர், நான் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

“வேலையும் போச்சு, இடமும் இல்ல. இப்ப நான் என்ன சார் பண்றது?” என்றாள் உஷா, கண் கலங்கி.

ஜம்புநாதனின் கண்களும் கலங்கின. ஆனந்தத்தால்.

“நீங்க ஒண்ணும் பண்ணாதீங்கம்மா. முக்கியமா, அவங்ககிட்ட பேசவே பேசாதீங்க!”

ஓம்! யாழ்ப்பாணத்தில் அது ‘ஆமாம்’. போனில் அது வெறும் ‘ம்’. தமிழ்நாட்டிலோ மந்திரம். மூன்றில் எது என்று உலகத்தில் எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லவில்லையே! கீழ்க் கோர்ட், மேல் கோர்ட், அப்புறம் ஒட்டாவா. ஒன்பது நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக ‘ஓம்’ சொல்லிப் பார்க்கும் காட்சியை அவர் மனக்கண்ணில் கண்டார். அன்று மனைவி வைத்த ரசத்தில் உப்பே இல்லாதது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளே அல்போன்சம்மாவுக்கு வக்கீல் கடிதம் பறந்தது. கோர்ட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை பேசிப் பார்ப்பது மரபு. அந்த மரபுக்காக அல்போன்சம்மா தன் வக்கீல் றஜிந்தனோடு சென்ட் லோரன்டுக்கு வந்தார். றஜிந்தன் மொன்றியலிலேயே வளர்ந்த இளைஞர், அதே தீர்ப்புப் பிரியர் இனம்தான். பெண்கள் இருவரையும் வெளியே சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டு, “அஞ்சு நிமிஷம்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“அண்ணை, போன கிழமை வந்த அப்பீல் தீர்ப்பைப் பாத்தனீங்களோ? மௌனம் சம்மதம் இல்லையெண்டு திருப்பியும் சொல்லிப்போட்டினம்.”

“மௌனம் வேற, ஓம் வேற தம்பி! அமெரிக்காவுல ஒரு மாநில உச்ச நீதிமன்றம், சும்மா தலையாட்டினதையே ஒப்பந்தம்னு சொல்லியிருக்கு.”

“அது பெரும்பான்மைத் தீர்ப்பு. எதிர்த் தீர்ப்பை வாசிச்சனீங்களோ?”

“வாசிச்சேனாவா? ரெண்டு தடவை!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஜம்புநாதன் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. நல்லெண்ணக் கடமை வந்தது, கூட்டாளிகளின் பொறுப்பு வந்தது, கம்பெனி இயக்குநர் ஒருவர் தூக்கத்தில் போட்ட கையெழுத்து செல்லுமா என்ற கேள்வியும் வந்தது. கிரைண்டர் மட்டும் வரவில்லை. ‘உஷா’ என்றோ ‘அல்போன்சம்மா’ என்றோ ஒரு வார்த்தை? ஊஹூம். ‘வாதி’, ‘பிரதிவாதி’ அவ்வளவுதான்.

எதிர்த் தீர்ப்பை அச்செடுத்துக் காட்டியே தீருவது என்று ஜம்புநாதன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பெண்கள் இருவரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“என்ர குசினிக்குத்தான்,” என்றார் அல்போன்சம்மா. “மெசினை எங்க வைக்கிறதெண்டு பிள்ளை அளவெடுக்கோணுமாம்.”

“நீங்கதான் சம்மதிக்கவே இல்லையே!” ஜம்புநாதன் எதிர்க்கட்சியின் வாதத்தைத் தானே கையில் எடுத்தார். அவ்வளவு பதற்றம்.

“மாட்டன் எண்டும் சொல்லேல்லையே. நாங்கள் மீன் பொரிக்கிறனாங்கள். அவவின்ர மாவில மீன் மணம் பிடிச்சால் ஆர் வாங்குவினம்? அதுதான் எனக்கு யோசினையாக் கிடந்தது. அதை ஆர் என்னட்டக் கேட்டவை? வக்கீல் கடிதமெல்லோ வந்தது.”

“பின்னாடி கதவோட ஒரு ஸ்டோர் ரூம் இருக்காம் சார்,” என்றாள் உஷா. முகம் மலர்ந்திருந்தது. “மீன் மதியத்துக்கு மேலதான் பொரிப்பாங்க. நான் காலையிலயே அரைச்சு முடிச்சுடுவேன். இதை நான் அன்னிக்கே கேட்டிருப்பேன். நீங்கதான் பேசவே கூடாதுன்னீங்க.”

“எழுத்துல போடணுமேம்மா...”

“அதை நீங்கள் ரெண்டு பேரும் இருந்து எழுதுங்கோ,” என்றார் அல்போன்சம்மா. “நாங்கள் வாறம். பஸ் போயிடும்.”

படியிறங்கும்போதே இருவரும் உளுந்து எங்கே மலிவு என்று பேசிக்கொண்டு போனது மேலே கேட்டது. பொய்யில்லை, ஜம்புநாதன் நிஜமாகவே துக்கப்பட்டார். றஜிந்தன் பக்கத்தில் வந்து நின்றார். “என்ன ஒரு கேஸ் அண்ணை,” என்றார். இருவரும் ஜன்னல் வழியே பஸ் கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாவம், சிரிக்காதீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண்கள் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்களே, அந்த இடத்தில் உங்களுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் எட்டிப் பார்த்ததா, இல்லையா? ஒட்டாவாவில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியாமலே போயிற்றே என்று? உஷாவுக்கு இடம் கிடைத்ததைவிட அது கொஞ்சம் பெரிதாகப் பட்டதா?

அப்படியானால் ஒரு உதவி செய்யுங்கள். இனிமேல் உங்கள் வீட்டுக்கு யாராவது சண்டையோடு யோசனை கேட்டு வந்தால், வாயைத் திறக்காதீர்கள். இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.