மதர்போர்டு தேர்வுக் குழு

ஒரு கம்ப்யூட்டர் நான்கு விநாடி யோசித்துப் பதில் சொல்வதை யாரும் குற்றமாகக் கருதமாட்டார்கள். மனிதர்களிலேயே அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்பவர்கள் குறைவு. ஆனால் ஒரகடத்தில் பம்ப் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையின் மூன்றாம் லைனில் அது பெரிய துன்பமாக இருந்தது. ஒவ்வொரு மூடியையும் கேமரா படம் பிடிக்கும். நல்லதா கெட்டதா என்று கம்ப்யூட்டர் சொல்லும்வரை அடுத்த மூடி நகராது. இப்படி நகர்ந்து நகர்ந்து, இரண்டரைக்கு முடிய வேண்டிய முதல் ஷிஃப்ட் மூன்று மணிக்குத்தான் முடிந்தது. கம்பெனி பஸ்ஸோ இரண்டே முக்காலுக்குக் கிளம்பிவிடும். லைனிலிருந்த பதினோரு பெண்களும் வெயிலில் மெயின் ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராகச் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயில் பிடித்தார்கள்.

இசக்கிசெல்வி அந்த லைனின் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டல் அறையில் பழைய உதிரிகளைச் சேர்த்துத் தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டி வைத்திருந்தவள். லைன் நின்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ப்ராசஸர் நல்ல ரகம். குறித்த வேகத்துக்கு மேலேயும் ஓட்டலாம். அதற்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர். அது உட்கார்ந்திருந்த மதர்போர்டுதான் அதற்கு இடம் கொடுக்காத ரகம்.

அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். வேகத்தைக் கூட்ட வசதியுள்ள மதர்போர்டு வேண்டும், கூடுதல் மின்சாரத்தைச் சீராகக் கொடுக்க வேண்டும், சூட்டை இறக்க அதன்மேல் கனமான உலோகத் தகடு இருக்க வேண்டும், பெண்கள் பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள். கீழே ஒரு மாடலின் பெயரையும் குறிப்பிட்டிருந்தாள்.

நிர்வாக மேலாளர் லக்ஷ்மிநரசிம்மன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மாடலின் பெயரைச் சொல்வது ஒருவருக்குச் சலுகை காட்டுவதாகும் என்பதால் அதை அடித்தார். மேலே சொன்ன குணங்களெல்லாம் அந்த மாடலையே சுட்டுவதால் அவற்றையும் அடித்தார். எஞ்சியது, "மதர்போர்டு – ஒன்று". அதைத் தேர்ந்தெடுக்க மூவர் குழு அமைக்கப்பட்டது. அவரே தலைவர், மனிதவளத்திலிருந்து ஜயஸ்ரீ, பாதுகாப்புப் பிரிவிலிருந்து சக்திகுமார்.

குறித்த அளவுக்கு மேல் உழைக்க வைப்பது ஓவர்டைம் ஆகாதா என்று ஜயஸ்ரீ சந்தேகம் எழுப்பினார்.

"அது பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"எது மேடம்?"

"அந்த ப்ராசஸர்."

இசக்கிசெல்வி யோசித்தாள். "மாட்டித்தான் வச்சிருக்கு மேடம். வேணும்னா கழத்திரலாம்."

"அப்ப கான்ட்ராக்ட்," என்று எழுதிக்கொண்ட ஜயஸ்ரீ, தம் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார்.

சக்திகுமாரின் கவலை சூடு பற்றியது. எண்பது டிகிரி வரை போகும், அது தாங்கும் என்று அவள் சொன்னாள். நாற்பதைத் தாண்டினாலே மோர் கொடுக்க வேண்டும் என்று சர்குலர் இருப்பதை அவர் நினைவுபடுத்தினார். ஃபேன் காற்றே போதும் என்று அவள் விளக்கிய பிறகு, "மோரிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது" என்று குறிப்பு எழுதப்பட்டது.

பார்வைக்கு மூன்று மதர்போர்டுகள் வந்தன. அவற்றில் ஒன்று ஏழு நிறத்தில் மின்னியது. அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளெல்லாம் வாசலில் டிஜிட்டல் திரை வைத்து 'ஸ்மார்ட்' ஆகிக்கொண்டிருந்த நேரம் அது. குழு ஏகமனதாக ஏழு நிறத்தைத் தேர்ந்தெடுத்தது. இதில் விளக்குதான் இருக்கிறது, வேகம் கூட்டும் வசதி இல்லை என்று இசக்கிசெல்வி மன்றாடிப் பார்த்தாள்.

"கேட்டது மதர்போர்டு. வந்திருப்பதும் மதர்போர்டு," என்றார் லக்ஷ்மிநரசிம்மன், கோபமே இல்லாமல். "ஃபைலில் வேறு ஒன்றும் இல்லையேம்மா."

பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதி வைத்துத் தொடங்கிவைத்தார்கள். லைன் பெண்கள் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் முன்போலவே நான்கு விநாடி யோசித்தது. இப்போது ஏழு நிறத்தில்.

பணி நிறைவு அறிக்கையில் 'பெண்கள் பஸ்ஸைத் தவறவிடுவது நின்றதா' என்று ஒரு கட்டம் இருந்தது. மதர்போர்டின் வேகம் லக்ஷ்மிநரசிம்மனின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, பஸ் உட்பட்டது. அதை மூன்றேகாலுக்கு மாற்றிவிட்டு, "நோக்கம் நூறு சதவீதம் நிறைவேறியது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மற்ற நான்கு லைன்களிலும் இரண்டரைக்கே வேலை முடித்தவர்கள் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்தால் சூப்பர்வைசர் மாரிக்கு மனசு தாங்காது. ஆளுக்கொரு துடைப்பம் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்த நான்கு லைன்களும் மூன்று மணிக்கு வேலை முடிக்கக் கற்றுக்கொண்டன.

இரண்டு மாதம் கழித்து மதர்போர்டின் நீல விளக்கு அணைந்தது. குழு அவசரமாகக் கூடி, கடைக்காரருக்குக் கடுமையாக எழுதியது. அந்த ரகம் கையிருப்பில் இல்லாததால் அவர் அதே விலைக்கு வேறொன்றை அனுப்பினார். அதில் ஒரு விளக்கும் இல்லை. குழு துக்கம் அனுசரிக்காத குறை. இசக்கிசெல்வி பெட்டியைப் பிரித்தாள். அவள் முதலில் கேட்ட அதே மாடல்.

மாட்டினாள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சூடு பார்த்து, எழுபத்து நாலில் நிறுத்தினாள். மூன்று விநாடிக்கும் குறைவு. மறுநாள் மூன்றாம் லைன் சரியாக இரண்டரைக்கு முடிந்தது. பதினோரு பெண்களும் கைதட்டினார்கள். மாரி பதினோரு துடைப்பங்களுடன் வந்தார்.

நான்காம் நாள், லைனில் மூத்தவளான மறைமலை நகர் மஞ்சுளா அவளிடம் வந்தாள்.

"இன்னா செல்வி, எல்லா லைனும் மூணு மணி வரிக்கும் மூடியத் தடவிக்கினு கீது. நாம மட்டும் பெருக்கிக்கினு கீறோம். அத்தக் கொஞ்சம் பழையபடி பண்ணிடேன்."

"பஸ்ஸ முந்தி மாதிரி விடச் சொல்லி எழுதிக் கேப்போமாக்கா?"

"கேட்டா இன்னா பண்ணுவாங்க?"

"குழு போடுவாவ."

சொல்லிவிட்டு இசக்கிசெல்வி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். வேகத்தை மாற்றும் திரையைத் திறந்தாள். மூன்று மாதம் போராடி ஏற்றிய வேகத்தை ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

"நாலு விநாடி போதுமாக்கா?"

"நாலரையா வையி. டீ குடிக்கத் தோதா இருக்கும்."

நாலரையாகவே வைத்தாள். மற்ற நான்கு லைன்களும் அதற்கேற்ப மூடியை இன்னும் கொஞ்சம் தடவக் கற்றுக்கொண்டன. ஐந்து லைன்களும் ஒரே நிமிஷத்தில் வேலை முடிப்பதைக் கண்டு பூரித்த தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. குழுவும் பெருந்தன்மையாக இசக்கிசெல்வியை நான்காவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவள் மறுக்கவில்லை. குழு கூடும் அறையில் ஏசி உண்டு.