டீ கேட்ட சம்பந்தியை பஸ் ஏற்றிவிட்டேன்

காரிமங்கலம்,
12.3.1989

அன்புள்ள மச்சான் ஜமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் அக்கா அஸ்கரி பேகமும் இறைவன் கருணையால் சுகம். என் தலை மட்டும்தான் சரியில்லை. பெங்களூரில் நீங்களும் பிள்ளைகளும் நலமா?

எங்கள் மகள் வஹிதாவை தர்மபுரி கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டது நீங்கள்தானே? அங்கே ஒரே ஒரு மெஷின், அதுவும் இவளுக்குச் சனிக்கிழமை அரை மணிதான். மற்ற நாளெல்லாம் நோட்டில் எழுதிப் பழக வேண்டுமாம். 'இது வந்தால் இதைச் செய், அது வந்தால் அதைச் செய்' என்று எழுதுவாள். மெஷின் இல்லாத குறைக்கு நான் அதன்படி செய்து காட்டுவேன். "சொந்தமா யோசிக்கக் கூடாதுங்க அத்தா, எழுதுனத மட்டும் செய்யணும்" என்பாள். உங்கள் அக்காவோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

வியாழக்கிழமை கடத்தூர் ஹயாத் பாஷா தம் மனைவியோடு, மகனுக்காக வஹிதாவைப் பெண் பார்க்க வந்தார். போன தடவை வந்தவர்களிடம் நான் என் மூல வியாதியைப் பற்றிப் பேசிக் காரியத்தைக் கெடுத்துவிட்டதால், இந்த முறை வாயைத் திறக்காமல் வஹிதா எழுதித் தந்த காகிதப்படி மட்டுமே நடக்க வேண்டும் என்று உங்கள் அக்கா உத்தரவு. டீ கேட்டால் டீ கொடு, சர்பத் கேட்டால் சர்பத் கொடு, பால் கேட்டால் பால் கொடு, கிளம்புகிறேன் என்றால் பஸ் ஏற்றிவிட்டு வா, அவ்வளவுதான் காகிதத்தில். "டீயே போதுங்க" என்றார். கொடுத்தேன். அதோடு நிற்கச் சொல்லி எங்கும் எழுதவில்லை, ஆகவே அடுத்த வரிக்குப் போய் சர்பத் கொடுத்தேன், பிறகு பால் கொடுத்தேன், மனுஷர் மரியாதைக்காக மூன்றையும் குடித்துவிட்டு ஏப்பம் விட, கையைப் பிடித்து அழைத்துப் போய் தர்மபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவருக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம், விசில் அடித்த கண்டக்டருக்கு மட்டும்தான் தெளிவு. திரும்பி வந்தால் அவர் மனைவி இன்னும் உள்ளே வஹிதாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். "எங்க வூட்டுக்காரர் எங்கங்க?" என்று கேட்டார். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், இந்தக் கேள்விக்கு அதில் வரியே இல்லை.

"ஒவ்வொன்னுக்குக் கீழயும் நிறுத்துன்னு எழுத மறந்துட்டேங்க அத்தா, மெஷினா இருந்தாலும் இதேதான் செஞ்சிருக்கும்" என்று வஹிதா சந்தோஷப்படுகிறாள். இந்த இடமும் போனால் நான் என்ன செய்வேன்? உடனே புறப்பட்டு வந்து வகுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்; சேரச் சொன்ன வாய்தான் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைப் பெருக்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் துஆ.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத
அப்துல் ஷுக்கூர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கடத்தூரிலிருந்து ஆள் வந்துவிட்டார். பஸ் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம், பெண்ணைப் பிடித்துவிட்டதாம், ஆனால் வகுப்பை நிறுத்தினால்தான் நிக்காஹ் என்றார்களாம். நானும் அதைத்தானே மேலே எழுதியிருக்கிறேன்? ஆனால் வாசலில் நின்று, "அப்படின்னா இந்தச் சம்பந்தம் வேணாங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் அக்காவுக்கு என் மேல் கோபம். வஹிதா அடுப்படியில் அழுகிறாள், சந்தோஷத்தில் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் வர வேண்டாம். பெங்களூரில் இதைவிடப் பெரிய வகுப்பு இருந்தால் விசாரித்து எழுதுங்கள்.