புண்ணிய பூமியில் பூட்ஸ்

நெடுங்கரை நாட்டில் மழையும் போரும் மூன்றாம் ஆண்டாகச் சேர்ந்தே நடந்துகொண்டிருந்தன. எல்லையோரப் பதுங்குகுழிகளில் முழங்காலளவுத் தண்ணீரில் நின்றபடி வீரர்கள் தேசத்தைக் காத்துவந்தார்கள்.

ஐந்தாம் குழியில் காயங்களுக்குக் கட்டுப் போடுபவன் ஒச்சப்பன். குண்டடி பட்டு வந்தவர்களைவிடக் கால் அழுகி வந்தவர்களையே அவன் அதிகம் கண்டான். நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய பாதம் முதலில் மரத்துப்போகும். பிறகு வீங்கி வெளுக்கும். கடைசியில் விரல் கறுக்கும். கறுத்துவிட்டால் கத்திதான். இன்று அவன் மடியில் இருந்த கால் அவனுடைய தங்கை கணவன் சங்கையாவுடையது. சுண்டுவிரல் நீலம் பாரித்திருந்தது.

"வலிக்குதா மாப்ள?"

"வலிச்சாத்தான் தேவலையே மச்சான். காலு இருக்கா இல்லையான்னே தெரியல."

சில நாள் உலர்ந்திருந்தால் அந்தக் கால் பிழைக்கும். ஆனால் சட்டம் குறுக்கே நின்றது.

படைநல அமைச்சர் மகிமைராயர் தலைநகரின் கம்பளம் விரித்த அறையில் அமர்ந்து இந்நோய்க்கென மூன்று ஆணைகள் பிறப்பித்திருந்தார். பூட்ஸைக் கழற்றுவது புறமுதுகிடுவதற்கான ஆயத்தம் என்றது முதல் ஆணை. கழற்றாத பூட்ஸுக்குள் இருக்கும் காலைச் சோதிப்பது எங்ஙனம் என்று மருத்துவர்கள் கேட்டதால் இரண்டாவது வந்தது: பூட்ஸ் பளபளத்தால் கால் நலமெனக் கொள்க. அன்றுமுதல் வீரர்கள் சேற்றில் நின்றபடியே பாலிஷ் போட்டார்கள். கால் இழந்தவர்களுக்குப் பாத வடிவப் பதக்கம் வழங்கியது மூன்றாவது. இரண்டு காலும் போனவருக்கு இரண்டு பதக்கங்கள். எழுந்து நின்று அவற்றைப் பெற்றுக்கொள்ளத்தான் அவரால் இயலவில்லை.

வீரர்களின் முனகல் தலைநகரை எட்டியதும் நான்காம் ஆணை ஒலிபெருக்கியில் முழங்கியது: "வீரர்தம் குருதி தோய்ந்த பதுங்குகுழிகள் இன்றுமுதல் புண்ணிய பூமி! அம்மண்ணைச் சேறென இழிப்பவருக்கும், அதன் புனிதம் கெட நடப்பவருக்கும் கசையடி ஐம்பது!"

ஒச்சப்பன் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"மாப்ள, பூட்ஸக் கழட்டு."

"ஏன், நான் அடி வாங்கிப் பாக்கணுமா?"

"கழட்டலைன்னாத்தான் இனிமே அடி. கோயிலுக்குள்ள எவனாச்சும் செருப்போட நிப்பானா?"

பொழுது சாய்வதற்குள் குழியின் வாசலில் நூற்றிருபது ஜோடி பூட்ஸ் வரிசை கட்டின. கால் கழுவாமல் சன்னிதிக்குள் நுழையலாமா? வெந்நீர் அண்டா அடுப்பேறியது. ஈரக்காலோடு போகலாமா? சாக்கில் துடைத்து வேப்பெண்ணெய் தடவினார்கள். புனித மண்ணை மிதிக்கலாமா? தோட்டாப் பெட்டிகளை உடைத்துப் பலகை பரப்பினார்கள். அபிஷேக நீர்கூடக் கருவறையில் தேங்காமல் கோமுகி வழியே வெளியேறுமே. மழைநீருக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள்.

குழித்தலைவர் திம்மரசர் பாய்ந்து வந்தார். "எந்தப் பயடா கழட்டச் சொன்னது?"

"அமைச்சரய்யாதாங்க."

திம்மரசர் ஆணையை இருமுறை படித்தார். பிறகு குனிந்து தம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

ஏழாம் நாள் அமைச்சரே பரிவாரத்தோடு வந்திறங்கினார். நூற்றிருபது பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். படக்காரர்களும் கேமராவை அங்கேயே தாழ்த்தினார்கள்.

"அய்யா..." சங்கையா பணிவாகக் கைகூப்பினான். "பூட்ஸு."

"அறிவோம், அறிவோம்! நாம் இயற்றிய சட்டமன்றோ!" என்று மகிமைராயர் கழற்றினார்.

"இந்தப் பலகை மேல நின்னு பேசுங்கய்யா" என்றான் ஒச்சப்பன்.

"படைவீரர் நின்ற பலகையில் அமைச்சர் நிற்பதா? நமக்கெனத் தனி இடம் காட்டுக!"

தனி இடம் ஒன்றுதான் இருந்தது. பலகை போதாமல் விட்ட, வாய்க்காலும் எட்டாத மூலை. அங்கே குளிர்ந்த நீரில் வெறுங்காலோடு நின்று, மண்ணின் மகிமை குறித்து அவர் மூன்று மணி நேரம் உரையாற்றினார். அவரைத் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் அமைச்சரின் பாதங்கள் வீங்கின. அதற்கு மறுநாள், இதுகாறும் உலகறியாத கொடுநோய் ஒன்றை அமைச்சர் கண்டுபிடித்துவிட்டதாக அரசு அறிவித்தது. எல்லாக் குழிகளுக்கும் பலகை, உலர்ந்த காலுறை, வெந்நீர் என்றது ஐந்தாம் ஆணை. நோய்க்கு அமைச்சரின் பெயரையே சூட்டினார்கள்.

"நம்ம வைத்தியத்துக்கு அவரு பேரா மச்சான்?"

"பேர அவரு வச்சுக்கட்டும் மாப்ள. கால நீ வச்சுக்க."

நீலம் பாரித்திருந்த சுண்டுவிரல் ரத்தம் ஓடிச் சிவந்தது. கார்த்திகையில் விடுப்பு கிடைத்தபோது சங்கையா தன் இரு கால்களாலேயே பேருந்திலிருந்து இறங்கினான். குலவைச் சத்தத்துக்கு நடுவே தன் தெருவில் திரும்பினான். முழங்காலளவுத் தண்ணீர் நின்றது. அன்றே அமைச்சகத்துக்கு மனு எழுதினான்: "எங்கள் தெருவையும் புண்ணிய பூமியாக அறிவித்து, அமைச்சர் அவர்கள் நேரில் வந்து சிறப்புரை ஆற்ற வேண்டுகிறோம்."

செய்தி பரவியது. ஒழுகும் பள்ளிகளிலிருந்தும் சாக்கடை ஓரத்து மருத்துவமனைகளிலிருந்தும் அதே வாசகத்தோடு நாலாயிரம் மனுக்கள் குவிந்தன. அமைச்சர் வருவதற்கு முன்பே வாய்க்காலும் பலகையும் வந்துவிட வேண்டுமென்று அதிகாரிகள் ஊர் ஊராக ஓடினார்கள்.

கடைசியில் அமைச்சரவை அவசரமாகக் கூடி ஆறாம் ஆணையைப் பிறப்பித்தது: நெடுங்கரை நாட்டில் புண்ணிய பூமி என எதுவும் இல்லை.

அதற்குள் முந்நூறு தெருக்களில் தண்ணீர் வடிந்திருந்தது.