மாம்பழமும் பால்கோவாவும் மாமனாரும்

காட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், பாதிப் பேர் காட்டுக்குள் காலே வைத்திருக்க மாட்டார்கள். நான் அந்தப் பாதியைச் சேர்ந்தவன். ராஜபாளையத்தில் பிறந்து, அங்கேயே ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு, மலை என்பது மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கண்ணில் படுகிற நீலச் சமாச்சாரம். அவ்வளவுதான். ஆனால் தூத்துக்குடிக்குப் பெண் பார்க்கப் போன அன்று, "லீவு விட்டா மலையிலதான் கிடப்பேன்" என்று எடுத்துவிட்டேன். உப்பு அம்பாரத்தை விட உயரமாக எதையும் பார்த்திராத மனிதர்கள், நம்பிவிட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணம் நடந்தது. வந்த முதல் மாம்பழ சீசனில் மாமனார் மகளைப் பார்க்க வந்தார். செல்வி அவருக்கு ஒரே பெண். "அப்பாவுக்கு மனசு ஒப்பலைன்னா என்னையக் கையோட கூட்டிட்டுப் போயிருவாக" என்று அவள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பயத்தில்தான், "வாங்க மாமா, நம்ம காட்டைக் காட்டுதேன்" என்றேன். (நம்ம காடாம்!)

வாடகை அம்பாசிடரில் மூன்று பேரும் கிளம்பினோம். என் மடியில் ஒரு பை நிறைய மாம்பழம், மாமனார் ஊருக்குக் கொண்டுபோக அம்மா கொடுத்தது. "வெயில்ல கார்ல போட்டுராதலே, அழுகிப்போகும், கையிலயே வச்சுக்கோ" என்பது அம்மாவின் உத்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டோம். கோயிலை விட்டு வெளியே வந்ததும் இளஞ்சூட்டோடு ஒரு கிலோ பால்கோவா வாங்கினோம். அங்கிருந்து மலையடிவாரத்துக் காடான செண்பகத்தோப்பு.

வனத்துறை கேட்டில் வாட்சர் நிறுத்தினார். "ஒத்தை யானை ஒண்ணு நாலு நாளா இந்தப் பக்கம் எறங்கிட்டிருக்கு சார். மாம்பழ வாடைக்கு எங்கன இருந்தாலும் வந்துரும். அந்தப் பைய மட்டும் இங்கன வச்சுட்டுப் போங்க."

புத்தியுள்ளவன் வைத்திருப்பான். மாமனார் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். "நாங்க பாக்காத யானையா?" என்றேன். (கோயில் வாசலில் காசு வாங்கிக்கொண்டு தலையைத் தொட்ட யானையைத்தான் பார்த்திருந்தேன். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.)

உள்ளே நுழைந்த பிறகு ஒவ்வொரு புதரும் யானை மாதிரியே இருந்தது. கருப்பாக ஒரு பாறை தெரிந்தால் நெஞ்சு நின்று பிறகு ஓடியது. ஓடையில் கணுக்கால் தண்ணீர். மாமனார் ஒரு பாறையில் உட்கார்ந்து காலை நனைத்தார், செல்வி முகம் கழுவினாள். நான் ஒரு பக்கம் மாம்பழம், ஒரு பக்கம் பால்கோவா என்று வைத்துக்கொண்டு நடுவில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பழ வாடை கும்மென்று எழுந்தது. அது மலை உச்சி வரைக்கும் போய் யானையைக் கூப்பிடுவதாகவே எனக்குப் பட்டது.

"மாப்ள, இப்பதான் எனக்கு நிம்மதி. ஒங்கள நம்பி இவள விட்டுட்டுப் போவலாம்" என்றார் மாமனார்.

அவர் வாயை மூடவில்லை, தலைக்கு மேல் கிளைகள் முறிகிற மாதிரி மடமடவென்று ஆடின. கூடவே கடகடவென்று ஒரு சத்தம். அதுவரை அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

நான் ஓடினேன். எப்போது எழுந்தேன், எந்தப் பக்கம் ஓடினேன், ஒன்றும் தெரியாது. இடது கால் செருப்பு எங்கோ கழன்று போனது. பின்னால் "என்னங்க! என்னங்க!" என்று செல்வியின் குரல் கேட்டது. அதற்கும் நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மூச்சு முட்டி ஒரு மரத்தடியில் விழுந்தபோதுதான் அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"என்னத்தப் பாத்தீய?" என்றார் மாமனார், முகம் வெளுத்து.

பதில் மேலே இருந்து வந்தது. அதே கடகட. நிமிர்ந்து பார்த்தால் கிளையில் நீள வாலைத் தொங்கவிட்டபடி ஒரு மலை அணில், எதையோ கொறித்துக்கொண்டு, எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது.

மாமனார் அணிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். செல்வி என் நெஞ்சைப் பார்த்தாள். அங்கே இரண்டு கையாலும் நான் அணைத்துக்கொண்டிருந்தது பால்கோவாப் பொட்டலம்.

"என்னைய விட்டுட்டு பால்கோவாவத் தூக்கிட்டு ஓடி வந்தீயளாக்கும்?"

மாமனார் நிதானமாகச் சொன்னார், "செல்வி, சாயங்காலம் நீ எங்கூட ஊருக்கு வந்துரு." யானைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"பழம் அங்கனயே கெடக்கு" என்று அவரே கோபமாகத் திரும்பி நடந்தார். ஒற்றைச் செருப்போடு நான் பின்னால் நொண்டினேன்.

பாறையருகே மாம்பழப் பை தட்டையாகக் கிடந்தது. பழம் ஒன்றுகூட இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஆவி பறக்க, ஒரு கூடை சாணி. ஈர மணலில் முறம் அகலத்துக்கு ஒரு காலடி, அதற்குள் என் இடது கால் செருப்பு அப்பளமாகப் பதிந்திருந்தது. ஓர் இலை அசைந்த சத்தமும் எங்களுக்குக் கேட்டிருக்கவில்லை. இத்தனை பெரிய உருவம் இவ்வளவு சத்தமில்லாமல் வந்து போகும் என்றால், இப்போது அது எங்கே நிற்கிறது?

இந்த முறை யாரும் ஓடவில்லை. கால் வந்தால்தானே ஓடுவதற்கு. மாமனார் என் கையைப் பிடித்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடி வைத்து கேட் வரைக்கும் வந்தோம். "பழம் எங்க சார்?" என்றார் வாட்சர். நாங்கள் நேரே போய் காரில் ஏறினோம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செல்வியின் பெட்டி இல்லாமல் தனியாகத்தான் ஏறினார் மாமனார். ஜன்னல் வழியாக என்னை அருகில் கூப்பிட்டார்.

"அவ இங்கனயே இருக்கட்டும் மாப்ள. நீங்க ஓடலைன்னா இன்னைக்கு மூணு பேரும் அந்தப் பாறையிலயே போயிருப்போம். ஆனா ஒண்ணு. இனிமே ஓடும்போது அவளுக்கும் ஒரு கொரல் குடுத்துட்டு ஓடுங்க."

அன்றிலிருந்து வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும், கடைக்கோ மில்லுக்கோ, வாசலில் நின்று "செல்வி, நான் கிளம்புதேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குகிறேன். இப்போது பேரன் வரைக்கும் வந்தாயிற்று. அடுப்படியிலிருந்து இன்றைக்கும் அதே பதில்தான் வருகிறது.

"பால்கோவா எடுத்துக்கிட்டீயளா?"