ஓடிக்கொண்டிருந்த வண்டி

மீன் எடுக்கப் போன இடத்தில்தான் ரொதியோன் அந்த நல்ல காரியத்தைச் செய்தான்.

யாகூத்ஸ்கில் குளிர்காலத்தில் மீன் இருப்பது வாசலுக்கு வெளியே, மரப்பெட்டியில். எடுத்துவரச் சொன்னவர் எஃபிம் ஸாவிச், சர்தானாவின் அப்பா. அவர் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று சர்தானா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் ரொதியோன் தெற்கே கிரஸ்னதாரிலிருந்து இத்தனை தூரம் பறந்து வந்திருந்தான். அங்கே போன வாரம் சட்டையோடு திரிந்தவன். இங்கே மைனஸ் நாற்பத்தேழு.

வாசலில் கனத்த கம்பளம் போர்த்திய எஃபிமின் கார் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், பெரியவர் மறந்துவிட்டார் போல! கதவைத் திறந்து வண்டியை அணைத்தான். பொறுப்பாகப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பெட்ரோல் மிச்சம், மாமனாரிடம் நல்ல பேரும் கிடைக்கும். சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மீனோடு உள்ளே போனான்.

உறைந்த மீனைச் சுருள் சுருளாகச் சீவியபடி எஃபிம் பேசினார். "தெக்கத்தி ஆளுங்களுக்குக் குளிர்னா என்னன்னு தெரியுமா? பிப்ரவரியிலயே உங்களுக்குப் பூ பூத்துடும். நாங்க வடக்கத்திக்காரங்க, ரத்தமே வேற!"

சர்தானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் அம்மா மாய்யா மேசைக்கடியில் காலை மிதித்தாள்.

"இது என்னது?" ரொதியோன் கொண்டுவந்த ஜாடியைத் தட்டினார் எஃபிம்.

"தர்பூசணி ஊறுகாய். அம்மா போட்டது."

"தர்பூசணிய உப்புல ஊறப்போடுவானா மனுஷன்?" என்று திட்டிக்கொண்டே தின்றார். இரண்டு மணி நேரப் பேச்சில் ஜாடி காலி.

"எல்லாரும் கிளம்புங்க" என்று எழுந்தார். "மச்சான் நியுர்குனையும் பார்த்துட்டு வந்துடலாம். பொண்ணு விஷயத்துல தாய்மாமன் ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

ரொதியோனுக்குக் குளிர்ந்தே போனது, சந்தோஷத்தில்.

"வண்டி சூடா இருக்குமாப்பா?" என்றாள் சர்தானா.

"அக்டோபர்ல இருந்து அணைக்கவே இல்லையே! இந்தக் குளிர்ல அணைச்சா அப்புறம் மார்ச்லதான் எழும்பும்."

ரொதியோன் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தான். "நான் போய்... கண்ணாடியைத் துடைச்சு வைக்கிறேன்" என்று எழுந்து ஓடினான்.

சாவியைத் திருகினான். 'டிக்' என்றது. மறுபடி திருகினான். அதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, சமையலறையிலிருந்து கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிவந்து என்ஜின் மேல் மூடியில் கொட்டினான். சூடுபட்டால் எழும்பாதா என்ன?

எழும்பவில்லை. ஆவி அடங்கியபோது கம்பளம் பலகையாகியிருந்தது. வழிந்த தண்ணீர் கதவிடுக்கிலும் பூட்டுத் துளையிலும் பனிக்கட்டியாக உட்கார்ந்திருந்தது. சாவி நுழையவில்லை. கடவுளே, கல்யாணம் போச்சு! மண்டியிட்டு, பூட்டில் வாயை வைத்து ஊதினான். ஊதியவன் வாயை எடுக்க முடியவில்லை. உதடு இரும்போடு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக் கதவு திறந்தது. கோட்டு, தொப்பியோடு எஃபிம் நின்றார். அணைந்த வண்டியைப் பார்த்தார். அதை முத்தமிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, என் பொண்ணைக் கேட்டு வந்தியா, இல்ல வண்டியைக் கேட்டு வந்தியா?"

"ம்ம்ம்" என்றான் ரொதியோன்.

சர்தானா வெதுவெதுப்பான டீயை ஊற்றி உதட்டை விடுவித்தாள். "ரத்தம் வருது பாரு, லூசு!" என்று திட்டினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

"நான்தான் அணைச்சேன்" என்றான் ரொதியோன். வீங்கிய உதட்டில் சொல் தடுக்கியது. "பெட்ரோல் வீணாகுதேன்னு நினைச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன். ஆனா கத்துக்குவேன். இங்கயே இருந்து கத்துக்குவேன். அவளை இந்த ஊரைவிட்டுக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

அதற்குள் மாய்யா அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள். கால்மணி நேரத்தில் கலைமான் தோல் பூட்ஸும் கையில் என்ஜினுக்குச் சூடுகாட்டும் தீக்குழாயுமாக நியுர்குன் வந்து இறங்கினார். விறைத்த கம்பளத்தைத் தட்டிப் பார்த்தார், ரொதியோனின் உதட்டைப் பார்த்தார். அப்புறம் தங்கையைப் பார்த்தார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?" எஃபிமுக்கு முகம் சிவந்தது. "வண்டியைக் கொன்னுட்டான்! எங்க வடக்குக்கு இவன் சரிப்பட மாட்டான் மச்சான். நாளைக்கே டிக்கெட் எடுத்துக் குடுத்து அனுப்பிடப் போறேன்."

நியுர்குன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீக்குழாயை ரொதியோன் கையில் கொடுத்தார்.

"பிடி மாப்பிள்ள. டேய் எஃபிம், நீயும் தெக்க அஸ்திரகான்ல இருந்து தர்பூசணியோட பொண்ணு கேட்டு வந்து, எங்கப்பாவோட லாரிய இதே மாதிரி அணைச்சுட்டு நின்னியே, அவர் உனக்கு டிக்கெட்டா எடுத்துக் குடுத்தார்? பொண்ணைத்தானேடா குடுத்தார்!"