படகுக்குத் தைத்த சட்டை

"இடுப்புச் சுற்றளவு பதினோரு அடி!" என்று கத்தினார் தையற்காரர்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மனைவி, "மெதுவாச் சொல்லுங்க. எங்கம்மாவ அளக்கிறீங்கன்னு தெருவே நெனைச்சுக்கும்" என்றாள்.

அளந்தது படகை. போன வாரம்தான் படகுப் பட்டறையிலிருந்து வண்டியில் வந்து முற்றத்தில் குப்புறக் கிடந்தது. வாழ்நாள் ஆசை! மழைக்காலம் முடிந்ததும் ஏரியில் இறக்க வேண்டியதுதான். அதற்குள் மதியம் புயல் என்று ரேடியோ சொல்லிவிட்டது.

"ஒரு சருகுகூட மேல விழக் கூடாது!"

தார்ப்பாயை வெட்டி ஒரு மணி நேரத்தில் சட்டை தைத்து மாட்டினார். பொத்தான்கூட வைத்திருந்தார். அளவெடுத்துத் தைத்ததாயிற்றே, கச்சிதமாகப் பொருந்தியது.

முதல் காற்றிலேயே பொத்தான்கள் பட்பட்டென்று தெறித்தன. சட்டை உப்பிக்கொண்டது. படகின் மூக்கு ஒரு சாண் எழும்பியது.

"பறக்கப் போகுது! கயிறு, கயிறு!"

கயிறு எங்கே இருக்கிறது? துணி உலர்த்தும் கொடியை அறுத்தார். மாமியாரின் போர்வை எதிர்வீட்டு மாடியில் கொடியாகப் பறந்தது. படகை இழுத்து மரத்தில் கட்டி முடித்து மூச்சு விடுவதற்குள், அந்த மரத்தின் கிளையே முறிந்து படகுக்கு அரையடி தள்ளி விழுந்தது.

"நம்பிக் கட்டின மரமே கழுத்தறுக்குதே!"

ஏணியைப் போட்டார். சமையலறைக் கூரையின் தகரங்களைக் கழற்றிப் படகின் மேல் அடுக்கினார்.

"அடுப்புல மழை பெய்யுதுங்க!"

"அடுப்பு நனைஞ்சா காயும். படகு போனா வருமா?"

தகரங்கள் தடதடவென்று ஆடின. "பாரம் வேணும், பாரம்!" தையல் மெஷினைத் தூக்கி வைத்தார். போதவில்லை. மனைவி ஏறி உட்கார்ந்தாள். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. இருவரும் மெல்ல வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குடி ரெண்டு பேரும் பாக்கறீங்க?" என்றார் மாமியார்.

அவர் ஏறியதும் தகரம் அடங்கியது. தையற்காரரும் ஏறிக் குப்புறப் படுத்துப் படகைக் கட்டிக்கொண்டார். காற்று ஊளையிட்டது, மழை முதுகில் அறைந்தது. "விடாதீங்க! விடாதீங்க!" என்று மனைவி கூவினாள், குரலில் பயத்தைவிடக் குதூகலம்தான் அதிகம். மாமியாரோ, "இன்னும் பலமா வீசு பாப்போம்!" என்று காற்றோடு மல்லுக்கு நின்றார்.

இரண்டு மணி நேரத்தில் காற்று ஓய்ந்தது. சொட்டச் சொட்ட நனைந்தபடி பட்டறைக்காரர் ஓடி வந்தார். தையற்காரர் வழுக்கி இறங்கி, "பாருங்க, ஒரு கீறல் இல்ல!" என்று மார்தட்டினார்.

பட்டறைக்காரர் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் ஐயா! உங்க படகுதான் பாவம், எங்க பட்டறை வாசல்லேர்ந்து பறந்து போய் சுக்குநூறாயிடுச்சு."

"என் படகா? அது இதோ இருக்கே!"

"போன வாரம் எங்க ஆளுங்க மாத்தி ஏத்திட்டாங்க ஐயா. நீங்க காப்பாத்தினது படகு இல்ல, ஃபைபர் படகு வார்க்கிற அச்சு. இனிமே எத்தனை படகு வேணும்னாலும் பறக்கட்டும், புதுசா வார்த்துக்கலாம்!"