ஜன்னலோரச் சதி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் உங்கள் தச்சுப் பட்டறையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். அலுவலகத்தில் என்னைச் சுற்றி ஏதோ நடக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோர இடம் என்பது பதவி உயர்வு மாதிரி. வேலைக்குச் சேரும்போது சுவரோரம், முன்னால் ஒருவர் ஓய்வு பெற்றால் ஒரு வரிசை முன்னே, இப்படி நகர்ந்து நகர்ந்து தலை நரைத்த பிறகுதான் ஜன்னல் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. உட்கார்ந்த முதல் நாளே வெயில் கம்ப்யூட்டரில் அடித்துக் கண் கூசியது, அதனால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, யாரும் தூக்காதபடி அதன் கயிற்றை என் மேசைக் காலில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். பட்டப்பகலில் எல்லோர் தலைக்கு மேலும் டியூப்லைட் எரிந்தது. இதில் யாருக்கு என்ன கஷ்டம்? ஜன்னல் என்னுடையது, திறப்பதும் மூடுவதும் என் இஷ்டம்.

இப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் போன மாதம் ஒரு அம்மாள் வந்தார். கையில் உள்ளங்கை அளவு ஒரு மீட்டர். வெளிச்சத்தை அளக்கிறாராம். எடை போட ஆள் உண்டு, துணி அளக்க ஆள் உண்டு, வெளிச்சம் அளக்க ஒரு ஆளா? ஒவ்வொரு மேசையிலும் மீட்டரை ஒரு தடவை வைத்தவர் என் மேசையில் மட்டும் இரண்டு தடவை வைத்தார். ஏன் என்று கேட்டேன். "ஜன்னல் பக்கத்துலயே இவ்வளவு இருட்டா இருக்கே, மீட்டர் கெட்டுப்போச்சோன்னு பார்த்தேன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. சிரிக்காமல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. சிரித்துப் பேசுகிறவர்களையும் நம்புவதில்லை, அது வேறு விஷயம்.

அடுத்து ஆட்கள் வந்தார்கள். சீலிங்குக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள், மேசைகளுக்கு நடுவே நின்ற தடுப்புகளை இடுப்பளவுக்கு வெட்டினார்கள். இப்போது நான் கொட்டாவி விட்டால் கடைசி வரிசை வரைக்கும் தெரிகிறது. பிறகு என் ஜன்னலில், தலைக்கு மேலே, ஒரு வெள்ளைப் பலகையைப் படுக்கை வசத்தில் பொருத்தினார்கள். வெயில் பலகையில் விழுமாம், அங்கிருந்து சீலிங்குக்கு எகிறுமாம், சீலிங்கிலிருந்து சுவரோரம் வரை பரவுமாம். பலகைக்கு மேலே திரைச்சீலை கூடாதாம், கீழே மட்டும் வேண்டுமானால் இழுத்துக்கொள்ளலாமாம். என் ஜன்னலில் விழுகிற வெயிலைப் பிடித்து ஊருக்கெல்லாம் பங்கு போடுகிறார்கள், மச்சான். கேட்பார் இல்லை.

இதற்குப் பின்னால் யார் என்று துப்புத் துலக்கினேன். சந்தேகம் முழுக்கச் சுவரோரம் உட்காரும் சம்பளப் பிரிவுப் பெண் மேல்தான். பலகை மாட்டிய அன்று வானம் இருட்டியதும் அவள் தலையைத் தூக்கி, "மழை வரப்போகுது. எனக்கு இங்கேர்ந்தே தெரியுது" என்றாள். இத்தனை வருஷமாக வாசலுக்குப் போன பிறகுதான் வெளியே மழை என்பதே அவளுக்குத் தெரியுமாம். நனைந்துகொண்டு வீட்டுக்குப் போன கதையையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆளை இப்படித்தான் கவிழ்ப்பார்கள்.

மறுநாள் மேனேஜர் வந்தவர் என் மேசைக் காலில் கயிற்று முடிச்சைப் பார்த்துவிட்டார். யார் கட்டியது என்று கேட்டார். நான் கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண்தான் எழுந்து, "அது பழைய முடிச்சு சார். இவர் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்றாள். பச்சைப் பொய். என்னைக் காப்பாற்றி அவளுக்கு என்ன லாபம்? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். கடைசியில் பிடிபட்டது. அவளுக்கு என் இடம் வேண்டும். முதலில் உதவி செய்துவிட்டு, பிறகு இடத்தைக் கேட்பாள். நான் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது?

ஆகவே நீங்கள் திங்கட்கிழமை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, அளவு டேப்போடு அலுவலகத்துக்கு வரவேண்டும். பலகையைத் தட்டிப் பாருங்கள், முகத்தைச் சுளியுங்கள், இது யார் தலையிலாவது விழும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மரத்தைப் பற்றி நீங்கள் சொன்னால் மேனேஜர் மறுபேச்சுப் பேசமாட்டார். என் ஜன்னல் எனக்கு மிஞ்சினால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரையும் லேசில் நம்பாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கடிதத்தைப் படித்துவிட்டாள். "அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுடுங்களேன்" என்றாள். அந்தப் பெண் என் இடத்தைக் கேட்பதற்குள் நாமே முந்திக்கொள்வோம் என்று இன்று போய், இடம் மாற்றிக்கொள்ளலாமா என்றேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கட்டும் சார். அங்க இருக்கிற வெளிச்சந்தான் இங்கயும் இருக்கு" என்றாள். பக்கத்து மேசைக்காரரைக் கேட்டேன், அவருக்கும் வேண்டாமாம். வரிசையாக எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். தலை நரைக்கக் காத்திருந்து வாங்கிய இடம், மச்சான், இனாமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை. எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்.